படுக்கையோரத்துப் பத்துக் கேள்விகள்

மிகையாகக் குடிப்பவர்கள் மருத்துவமனையில் வந்து படுப்பது பெரும்பாலும் குடியை முன்னிட்டு அன்று. கால் எலும்பு முறிந்தும், மேல்வயிற்று வலி தாளாமலும், நெஞ்சில் சளி கட்டியும், சர்க்கரை கட்டுக்குள் நில்லாமலும், சில சமயம் குடலிறக்க அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டும் அவர்கள் வருகிறார்கள். சேர்க்கைத் தாளில் அந்தந்த நோயின் பெயர் எழுதப்படுகிறது. குடிப்பழக்கத்துக்கென்று உள்ள இடத்தில் ‘எப்போதாவது’ என்னும் ஒரு சொல் விழுகிறது, அல்லது அந்த இடம் வெறுமையாகவே விடப்படுகிறது. இந்த வெறுமையின் விலை சேர்ந்த அன்று தெரிவதில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் தெரியவருகிறது.

நாள்தோறும் நிறையக் குடிப்பவரின் மூளை, மதுவின் எடை ஏறிய தராசுத் தட்டுக்கு எதிர்த்தட்டில் தானும் எடைக்கற்களை அடுக்கிச் சமன் செய்துகொள்கிறது. நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் செயலை மது கூட்டுவதால், அவற்றைக் கிளர்த்தும் குளூட்டமேட்டின் பக்கத்தை மூளை வலுப்படுத்திக்கொள்கிறது. மருத்துவமனையில் படுத்தவுடன் மது நிற்கிறது. ஒரு தட்டு காலியாகிறது. எதிர்த்தட்டின் கற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும், 12 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பும், 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இன்னும் சிலருக்கு நடுக்குசன்னி எனப்படும் கடுமையான மனக்குழப்பமும் வருவது இந்தத் தட்டுச் சாய்வினால்தான். இல்லாத பூச்சிகளைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவதும், டிரிப் குழாயைப் பிடுங்கி எறிவதும், இருக்கும் ஊர் எதுவென்று தெரியாமல் போவதும் இந்நிலையின் அடையாளங்கள். சிகிச்சையின்றி விட்டால் இது உயிரையே கொண்டுபோகக்கூடும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் குளோர்டயசெபாக்சைடு, லோராசெபாம் போன்ற, விலை குறைந்த பழைய மருந்துகளாலேயே பெரும்பாலும் தடுத்துவிட முடியும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு பொறி, ‘குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்’ என்னும் பரவலான நம்பிக்கையில் ஒளிந்திருக்கிறது. உடல் குளுக்கோஸை எரிப்பதற்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். சோற்றைக் குறைத்துக்கொண்டு குடிப்பவரின் உடலிலோ அதன் இருப்பு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். அவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், எஞ்சிய இருப்பும் தீர்ந்து, கண்ணசைவு தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு கலங்கும் மூளைக்கோளாறு வெளிப்படக்கூடும். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கி 1881இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் இக்கோளாற்றைத் தடுக்க வைட்டமின் ஊசியே பெரும்பாலும் போதும். அந்த ஊசியைப் போட வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் நோயாளி குடிப்பவர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில், கடைசிக் குடியிலிருந்து மணிகளை எண்ணும் இந்தக் கடிகாரம் இன்னும் தந்திரமாக ஓடுகிறது. கேம்ப்பெல் பேயிலிருந்தோ கார் நிக்கோபாரிலிருந்தோ போர்ட் பிளேருக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர் கப்பலில் வந்தால், குடியில்லாத முதல் நாள் கடலிலேயே கழிந்துவிடும்; 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகரின் மருத்துவமனையில் அவர் படுக்கும்போது கடிகாரம் பாதி ஓடி முடித்திருக்கும். அவருக்குக் காய்ச்சலும் இருந்துவிட்டால், பிதற்றலைக் காய்ச்சல் சன்னி என்று எழுதிவிடுவது மிக எளிது.

நகரின் ஒரு பகுதியான டாலிகஞ்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் உள்ளது. 1983இல் தொடங்கப்பட்ட இம்மையம் எலிக்காய்ச்சல், கல்லீரல் அழற்சி, பழங்குடிகளின் உடல்நலம் ஆகியவற்றில் செய்த ஆய்வுகளுக்காகவே பெரிதும் அறியப்பட்டது. தீவு மக்களின் குடிப்பழக்கம் குறித்து நம்பத்தக்க எண்கள் எவையும் இல்லாதிருந்த நிலையில், இம்மையத்தின் ஆய்வாளர்களும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் விவேக் பெனகல் உள்ளிட்டோரும் சேர்ந்து, 14 வயதும் அதற்கு மேலும் ஆன 18,018 பேரைப் பல கட்ட மாதிரித் தேர்வின் மூலம் பொறுக்கியெடுத்து, கேள்வித்தாளுடன் அணுகினார்கள். 2017இல் இந்தியப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளியான அதன் முடிவுகளின்படி, ஆண்களில் 35 சதவீதத்தினரும் பெண்களில் 6 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோரும் மது அருந்துபவர்கள். அருந்துவோரில் ஐவரில் இருவர் தீங்கு வரக்கூடிய அளவில் குடிப்பவர்கள். நால்வரில் ஒருவர் மதுவுக்கு அடிமைப்பட்ட நிலையில் இருப்பவர்.

இந்த எண்களை ஒரு வார்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால்தான் அவற்றின் கனம் புரியும். தீவின் சராசரி ஆண்கள் நூறு பேர் ஒரு பொது வார்டில் படுத்திருப்பதாகக் கொண்டால், அவர்களில் 35 பேர் குடிப்பவர்கள்; ஏறத்தாழ 9 பேர் குடியை நிறுத்திய ஒரு நாளுக்குள் நடுங்கத் தொடங்கக்கூடியவர்கள். மருத்துவமனைக்கு வருபவர்கள் சராசரி மக்களைவிட நோயும் காயமும் மிகுந்தவர்கள் என்பதால், உண்மையான வார்டில் அந்த ஒன்பது கூடவே செய்யும். பெண்கள் வார்டுக்கும் இதில் பாடம் உண்டு. 10 முதல் 75 வயது வரையிலானோரைக் கணக்கிட்டு 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் பெண்களில் குடிப்பவர்கள் 1.6 சதவீதமே, வயது வரம்பு வேறாயினும் டாலிகஞ்ச் ஆய்வின் 6 சதவீதம் அதைவிடப் பல மடங்கு. சேலை கட்டிய ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நாக்கு கூசும் மருத்துவர், தீவில் அந்தக் கூச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வார்டுக்குள் போக வேண்டியிருக்கும்.

‘மிகையாக’ என்பது எவ்வளவு? உடலுக்குள் போகும் தூய எத்தனாலின் எடையே இதற்கு அளவுகோல். 10 கிராம் எத்தனால் ஓர் அலகு எனக் கொள்வது இந்தியாவில் வழக்கம். 42.8 சதவீத எத்தனால் கொண்ட பிராந்தியோ ரம்மோ 30 மில்லி ஊற்றினால் ஓர் அலகு. ஒரே வேளையில் 6 அலகை, அதாவது 60 கிராமை, எட்டுவதையோ தாண்டுவதையோ உலகச் சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்கிறது. தமிழர்களின் பேச்சில் மிகச் சாதாரண அளவாகக் கருதப்படும் குவார்ட்டர், அதாவது 180 மில்லி, கணக்கிட்டுப் பார்த்தால் மிகச் சரியாக அந்த ஆறாவது அலகில் வந்து நிற்கிறது. ‘ஒரு குவார்ட்டர்தான் சார்’ என்று நோயாளி அளவோடு குடிப்பதற்கு அத்தாட்சியாகச் சொல்லும் வாக்கியம், மருத்துவ நூலின்படி மிகைக்குடியின் வாசற்படி. அந்தத் ‘தான்’ என்னும் இடைச்சொல்லை நம்பி எத்தனையோ சேர்க்கைத் தாள்களில் ‘எப்போதாவது’ எழுதப்பட்டிருக்கும். ஆஃப் எனப்படும் 375 மில்லியில் ஏறத்தாழ 127 கிராம் எத்தனால் இருக்கிறது.

கடைச் சரக்குக்குப் போத்தலில் அளவு அச்சாகியிருக்கிறது; ஆனால் டாலிகஞ்ச் ஆய்வில் தீவுகளில் மிகுதியாக அருந்தப்படுபவை எனத் தெரியவந்தவை கள், ஹண்டியா போன்ற வீட்டுத் தயாரிப்புகள். சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்திலிருந்து கூலிவேலைக்காகக் கொண்டுவரப்பட்டு, தீவில் ‘ராஞ்சி’ மக்கள் என்றே அழைக்கப்படுவோர் தங்களோடு எடுத்துவந்த அரிசிக் கள்ளே ஹண்டியா. வடித்த சோற்றில் மூலிகைகள் சேர்ந்த புளிப்பு மருந்தைக் கலந்து சில நாள் ஊறவைத்துப் பிழிவது. தென்னங்கள்ளோ காலையில் இறக்கும்போது ஒரு வீரியமும் மாலையில் இன்னொரு வீரியமுமாக, நொதித்துக்கொண்டே இருப்பது. 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் கள்ளில் ஏறத்தாழ 40 கிராம் எத்தனால், அதாவது நான்கு அலகு. ஒன்றரை லிட்டரில் ஆறு. ஆகவே கள் அருந்துபவரிடம் ‘எத்தனை பெக்?’ என்று கேட்பது பொருளற்றது. எந்தப் பாத்திரத்தில், எத்தனை முறை, எந்த வேளையில் இறக்கியது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பலர் கள்ளையும் ஹண்டியாவையும் மதுவென்றே எண்ணுவதில்லை. அவர்கள் ‘குடிப்பதில்லை’ என்று சொன்னால் அது பொய்யும் அன்று.

வாய்ச்சொல்லை நம்பாத மருத்துவர் இரத்தத்தை நாடுவது இயல்பு. வழக்கமாக எழுதப்படும் எல்.எஃப்.டி. எனும் கல்லீரல் சோதனையில் மூன்று எண்கள் குடியோடு தொடர்புடையவை. ஜி.ஜி.டி. என்ற நொதி, நீண்ட நாள் குடியினால் இரத்தத்தில் ஏறி, குடியை நிறுத்தியபின் சில வாரங்களில் இறங்குவது. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் இரண்டு நொதிகளுள் முன்னது பின்னதைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தால், கல்லீரலின் சேதம் மதுவினால் நேர்ந்தது என்று ஐயுற இடமுண்டு. இவற்றோடு, இரத்த எண்ணிக்கைச் சோதனையில் வரும் சிவப்பணுவின் சராசரிப் பருமனும் குடிப்பவருக்குக் கூடுகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், குடியை விட்டபின்னும் அந்தப் பருமன் மாதக்கணக்கில் இறங்காது.

ஆனால் இந்த எண்கள் எவையும் மதுவுக்கு மட்டும் உரியவை அல்ல. ஜி.ஜி.டி. உடற்பருமனிலும் சர்க்கரை நோயிலும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினாலும் கூடும். தீவுகளில் இந்தக் குழப்பம் பன்மடங்கு. அங்குள்ள கல்லீரல்களுக்கு மதுவைத் தவிர வேறு எதிரிகள் ஏராளமாக இருப்பதை நிறுவியதும் இதே டாலிகஞ்ச் மையம்தான். நிக்கோபாரி மக்களிடையே ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று மிகப் பரவலாக இருப்பதை அதன் ஆய்வுகள் காட்டின. 1980களின் பிற்பகுதியிலிருந்து மழைக்காலம் முடியும் தறுவாயில் வட அந்தமானின் டிக்லிப்பூர்ப் பகுதியில் வயல்வேலை செய்பவர்களைத் தாக்கி, நுரையீரலில் இரத்தம் கசியவைத்துக் கொன்ற, ‘அந்தமான் குருதிப்போக்குக் காய்ச்சல்’ என்று பெயரிடப்பட்டிருந்த மர்ம நோய், லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சலே என்று 1990களில் அம்மையத்தினர் கண்டறிந்தார்கள். இத்தனைக்கும் அது தீவுக்குப் புதிய நோய் அன்று. தண்டனைக் குடியேற்றக் காலத்திலேயே டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவர்கள் அதை விரிவாக ஆராய்ந்து 1931இல் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். இடையில் அது மறக்கப்பட்டிருந்தது. எலிக்காய்ச்சலில் கண் மஞ்சளாகிறது, கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன, தசைகள் நைவதால் அவற்றிலிருந்தும் ஏ.எஸ்.டி. கசிகிறது. ஆகவே நவம்பர் மாதத்தில் மஞ்சள் கண்களோடும் உயர்ந்த நொதிகளோடும் சேரும் உழவர் ஒருவரின் தாளைப் பார்த்து, அவர் குடிப்பவரா இல்லையா என்று எந்த வித்தகராலும் சொல்ல முடியாது. சிவப்பணுவின் பருமனும் கைகொடுக்காது: இரும்புச்சத்துக் குறைவும், வங்காளத்திலிருந்து வந்த குடியேறிகளிடம் காணப்படும் தலசீமியா வகைக் கோளாறுகளும் அணுவைச் சிறுக்கவைக்கின்றன, மது அதைப் பெருக்கவைக்கிறது, கூட்டிக் கழித்து எண் ஒழுங்காகவே வந்து நிற்கும். எலிக்காய்ச்சலைக் கண்டறிந்த குழுவில் இருந்த ஏ.பி. சுகுணன், மது ஆய்விலும் பங்கேற்றவர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்தத் தீவின் இரத்தத்தை அத்தனை ஆண்டுகள் பார்த்தவர்கள், குடியை அளக்க இரத்தத்தை விட்டுவிட்டுக் கேள்வித்தாளை எடுத்ததில் வியப்பில்லை.

அந்தக் கேள்வித்தாளின் மையத்தில் இருந்தது ஆடிட் என்ற பத்துக் கேள்விச் சோதனை. இது மருத்துவ நிலையங்களிலேயே பிறந்தது. 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் தொடங்கிய கூட்டுமுயற்சியில் ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த ஏறத்தாழ 1,900 பேரிடம் 150 கேள்விகள் கேட்கப்பட்டு, அவற்றுள் எல்லா நாட்டிலும் நன்றாக வேலை செய்த பத்து மட்டும் சலித்தெடுக்கப்பட்டன. முதல் மூன்று கேள்விகள் எவ்வளவு, எவ்வளவு அடிக்கடி என்ற அளவைப் பற்றியவை. அடுத்த மூன்றும், தொடங்கினால் நிறுத்த முடியாமை, காலையில் கண்விழித்ததும் குடிக்க வேண்டியிருப்பது போன்ற அடிமைத்தனத்தின் சாயல்களைத் தேடுபவை. கடைசி நான்கும் குற்ற உணர்வு, மறதி, காயம், பிறரின் கவலை ஆகிய தீங்குகளைக் கேட்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. எட்டும் அதற்கு மேலும் வந்தால் தீங்கு வரக்கூடிய குடி. 16 முதல் 19 வரை அதைவிடக் கவலைக்குரிய நிலை. 20ஐத் தொட்டால் அடிமைத்தனத்தை முறையாக ஆராய வேண்டும். 1993இல் வெளியான முதல் மதிப்பீட்டில், தீங்கான முறையில் குடித்தவர்களில் 92 சதவீதத்தினர் எட்டைத் தொட்டார்கள். அப்படிக் குடிக்காதவர்களில் 94 சதவீதத்தினர் எட்டுக்குள் நின்றார்கள். இதற்கு முந்திய, நான்கே கேள்விகள் கொண்ட கேஜ் சோதனை அடிமைத்தனம் முற்றியவர்களைப் பிடிக்கும். அளவு மீறத் தொடங்கியவர்களைத் தவறவிடும்.

ஆறு நாடுகளில் ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை என்பதைப் படிப்பவர்கள் கவனித்திருக்கலாம். டாலிகஞ்ச் குழுவினர் ஆடிட்டைத் தனியே எடுத்துக்கொள்ளாமல், பாலினம், மது, பண்பாடு ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்க்கும் ஜெனசிஸ் என்ற பன்னாட்டு ஆய்வின் கேள்வித்தாளை மாற்றியமைத்து அதனுள் வைத்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, சாத்ரி என்று இத்தனை மொழிகள் ஒரே வார்டில் படுத்திருக்கும் இடத்தில், அலகு என்ற சொல்லை மொழிபெயர்ப்பதைவிட, அந்தந்த வீட்டுக் குவளையை எத்தனாலாக மொழிபெயர்ப்பதே கடினமான வேலை.

கேட்கும் முறையிலும் நுட்பம் இருக்கிறது. மனைவியோ மாமனாரோ கட்டிலருகே நிற்கையில், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, ‘குடிக்கிற பழக்கம் உண்டா?’ என்று கேட்டால் கிடைப்பது விடை அன்று, மரியாதை. உறவினரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, உணவு, புகை, தூக்கம் என்று எல்லோரிடமும் கேட்கும் வரிசையில் இதையும் வைத்து, குடிப்பது இயல்பு என்ற தொனியில் கேட்பவர்களுக்கு உண்மையை ஒட்டிய பதில் கிடைக்கிறது. அனுபவம் வாய்ந்த செவிலியர்கள் அளவை மேலிருந்து தொடங்குவதுண்டு: ‘ஒரு நாளைக்கு ஒரு ஃபுல் ஆகுமா?’ என்றால், ‘ஐயோ, அவ்வளவு இல்லை சிஸ்டர், ஆஃப்தான்’ என்று நோயாளி தானே தன்னைத் திருத்திக்கொள்கிறார். கீழிருந்து தொடங்கியிருந்தால் அந்த ஆஃப் ஒரு கட்டிங்காகச் சுருங்கியிருக்கும். மறைப்பதற்கு வெட்கம் மட்டுமே காரணம் அன்று. மதுவால் நேர்ந்த நோய்க்குப் பணம் தர மறுக்கும் காப்பீட்டு விதிகளும், விபத்து வழக்குகளில் காவல்துறைக்குப் போகும் தாளும் நோயாளியின் நாவைக் கட்டுகின்றன. நோயாளிமேல் இரக்கம் கொண்ட மருத்துவரின் பேனாவையும் சில சமயம் கட்டுகின்றன. மதுப் பயன்பாட்டால் வரும் மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தந்திருந்தாலும், பொது வார்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே இரண்டடி இடைவெளிதான்.

பேச முடியாதவரிடம் எந்தக் கேள்வியும் செல்லாது. நினைவிழந்து கொண்டுவரப்பட்டவர், தாடை உடைந்தவர், அறுவைக்குப்பின் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர் ஆகியோருக்காகத்தான் இரத்தச் சோதனையின் புதிய தலைமுறை வேண்டியிருக்கிறது. இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. நாள்தோறும் 50 முதல் 80 கிராம் வரை ஓரிரு வாரம் குடித்தால் அச்சங்கிலிகள் குறைந்த வடிவம் இரத்தத்தில் பெருகுகிறது என்பதை 1970களில் சுவீடனில் ஹெலேனா ஸ்டிப்லர் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். சி.டி.டி. எனப்படும் இது மற்றக் கல்லீரல் நோய்களால் ஜி.ஜி.டி.யைப் போல எளிதில் அலைக்கழிக்கப்படுவதில்லை. இதனினும் திட்டமானது பாஸ்ஃபாடிடைல் எத்தனால். சிவப்பணுவின் சவ்விலுள்ள கொழுப்போடு எத்தனால் நேரடியாகப் பிணைவதால் மட்டுமே உண்டாவதாகையால், எலிக்காய்ச்சலோ வைரஸோ அதை உண்டாக்க முடியாது. குடித்தபின் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை தடயம் எஞ்சியிருக்கும். ஒரு மில்லி இரத்தத்தில் 200 நானோகிராமுக்கு மேல் இருப்பது மிகைக்குடியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இதிலும் மருத்துவமனைக்கே உரிய ஒரு விதிவிலக்கு உண்டு: குடிப்பழக்கமுள்ள கொடையாளரின் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால், ஒரு சொட்டும் தொடாதவரின் இரத்தத்திலும் இது தென்படும்; ஆகவே மாதிரியை இரத்தம் ஏற்றுவதற்கு முன்னரே எடுத்துவிட வேண்டும். சிறுநீரில் சில நாள் தங்கும் எத்தில் குளூக்குரோனைடு அண்மைக் குடியை மட்டுமே காட்டும். விலையுயர்ந்த நிறமாலைக் கருவிகள் வேண்டும் பாஸ்ஃபாடிடைல் எத்தனால் சோதனையை வார்டிலேயே செய்ய இயலாதெனினும், தாள் அட்டையில் உலரவைத்த ஒரு சொட்டு இரத்தம் போதுமென்பதால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆய்வகத்துக்கு அதை உறையிலிட்டு அனுப்ப முடியும். விடை வருவதற்குள் மூன்றாம் நாள் கடந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நடுக்குசன்னியைத் தடுக்க அது உதவாது, பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து பேசும்போது உதவும்.

அந்தப் பேச்சுக்குப் பலன் உண்டா என்ற ஐயத்துக்குக் கோவாவில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. அபிஜித் நட்கர்ணி, விக்ரம் பட்டேல் ஆகியோரின் குழு அங்குள்ள 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஆடிட்டில் 12 முதல் 19 வரை எடுத்த ஆண்களைத் தேர்ந்து, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு ஒரு பகுதியினரிடம் மட்டும் சில அமர்வுகள் பேசவைத்தது. 2017இல் லான்செட் இதழில் வெளியான முடிவில், மூன்று மாதம் கழித்து ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதத்தினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினரும் எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் என்பது பெரிய அற்புதம் அன்று. ஆனால் 2019இன் நாடு தழுவிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறும் நாட்டில் அது சிறியதும் அன்று. கோவாவில் இறக்கத்தை அளந்தது மறுபடியும் அதே பத்துக் கேள்விகள்தான். போர்ட் பிளேரில் 14 எடுத்த ஒருவர் முறிந்த கால் கூடி லிட்டில் அந்தமானின் ஹட் பேக்குக் கப்பலேறிய பின், அங்குள்ள மருத்துவர் மூன்று மாதம் கழித்து அவரிடம் கேட்டு 9 என்று கண்டால், அது ஏற்றமா இறக்கமா என்று அந்த மருத்துவருக்குத் தெரிவதற்கு, நோயாளியின் கையிலிருக்கும் டிஸ்சார்ஜ் தாளில் எலும்பு முறிவுக்குக் கீழே அந்த 14 எழுதப்பட்டிருக்க வேண்டும்.